பூட்டு எப்படிப் பூவாகிறது?

வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பை, அதாவது நிரல் எழுதத் தெரியாதவரும் இணையதளம் நடத்த உதவும் மென்பொருளை, புதிதாகக் கையாளுவோரின் கேள்விகள் பெரும்பாலும் உலகெங்கும் ஒன்றாகவே இருக்கின்றன. தமிழில் எழுதுவோர் மட்டும் அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: தலைப்பை முழுமையாகத் தட்டச்சு செய்த பிறகும் அந்தப் பதிவின் முகவரி ஒரு சொல்லின் நடுவே முறிந்து நிற்பது ஏன், அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளின் குவியலாகப் போய்ச் சேர்வது ஏன்?

பொதுவான கேள்விகளுக்கு விடை எளிது. தோற்ற வார்ப்புருவை மாற்றினால் எழுதியவை அழிவதில்லை. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கிறது, வார்ப்புரு அதை உடுத்திக் காட்டுகிறது. திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் தேசியத் தகவல் மையம் உருவாக்கிய எஸ்3வாஸ் என்னும் பொதுச் சட்டகத்தில் இயங்குவதும், அதே சட்டகத்தைப் பிற மாவட்டங்களும் தத்தம் செய்திகளை நிரப்பிப் பயன்படுத்துவதும் இந்தப் பிரிவினையால்தான். வேர்ட்பிரஸில் பதிவும் பக்கமும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிசைகளாகக் கிடப்பவை. வகையைக் குறிக்கும் ஒரு கட்டமே இரண்டையும் பிரிக்கிறது. குப்பைக்கு அனுப்பியவை இயல்பான அமைப்பில் 30 நாள் வரை மீளும்.

முறிந்த முகவரியின் கதை இவற்றைவிடச் சுவையானது. இணைய முகவரியில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவை மட்டுமே நேரடியாக இடம்பெறலாம் என்பது விதி. ஏனைய எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் அதன்பின் இரண்டு இலக்கங்களுமாக மாற்றி எழுதப்படும். யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால், முகவரியில் அது 9 இடங்களைப் பிடிக்கிறது. உலாவி இரக்கப்பட்டு அதைத் தமிழாகக் காட்டினாலும், நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது உண்மை வடிவம் வெளிப்பட்டுவிடுகிறது. வேர்ட்பிரஸோ தலைப்பிலிருந்து உருவாக்கும் முகவரிப் பகுதியை இந்த மாற்றிய வடிவிலேயே சேமிக்கிறது. அதற்கென ஒதுக்கியிருப்பது 200 இடங்கள்.

அந்த 200 இடங்களைத் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு புறப்படும், 200 இருக்கைகள் கொண்ட பேருந்தாகக் கருதலாம். ஆங்கில எழுத்து தனியாக வந்து ஓர் இருக்கையில் அடங்கிவிடும். தமிழ்க் குறியீடு ஒன்பது இருக்கைகளில் துண்டு போட்டு இடம்பிடிக்கும். யூனிகோடில் 'க்' என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள் என்பதால், தாயின் தலைமேல் அமர்ந்து வரும் புள்ளிக்குழந்தைக்கும் முழுதாக ஒன்பது இருக்கைகள் தர வேண்டியிருக்கிறது. நடத்துநர் குடும்பம் பார்ப்பவர் அல்லர். இருக்கை தீர்ந்ததும் விசில் ஊதிவிடுவார், சொல்லின் பாதி பேருந்து நிலையத்திலேயே நின்றுவிடும்.

'திண்டுக்கல் மாவட்டப் பூட்டுத் தொழில்' என்ற தலைப்பைக் கணக்கிட்டால் இது விளங்கும். 'திண்டுக்கல்' என்பது 11 குறியீடுகள், ஆகவே 99 இடங்கள்; இடைக்கோடு 1; 'மாவட்டப்' 8 குறியீடுகள், 72 இடங்கள்; மீண்டும் இடைக்கோடு 1. எஞ்சிய 27 இடங்களில் மூன்றே குறியீடுகள் ஏற முடியும் என்பதால் முகவரி 'பூட' என்று முடிந்துவிடுகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கே இந்தக் கதி. அடுத்து 'திண்டுக்கல் மாவட்டப் பூட்டுகளின் வரலாறு' என்று இன்னொரு பதிவு எழுதினால் அதுவும் அதே இடத்தில் முறிந்து முந்தைய முகவரியோடு மோதும். மோதலைத் தவிர்க்க அமைப்பு '-2' சேர்க்க முனையும்போது இரண்டு இடங்கள் குறைவதால் டகரமும் இறக்கிவிடப்பட்டு, 'பூ-2' என்பதே எஞ்சும். நிலக்கோட்டைப் பூச்சந்தையைத் தேடுபவருக்கு வேண்டுமானால் இது பயன்படலாம்.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 என்னும் குறியாக்க முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரே குறியீடு என்பதால், 'திண்டுக்கல்' ஆறு குறியீடுகளில், 54 இடங்களில் அடங்கியிருக்கும். எனினும் அது யூனிகோடின் தனிப்பயன்பாட்டுப் பகுதியில் குடியிருப்பதால், அதற்கென்று எழுத்துரு நிறுவாத கணினியில் படிக்கக் கிடைக்காது.

ஒரு மணி நேரத்தில் இணையதளம், செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும் வலைமனை என்றெல்லாம் வரும் விளம்பரங்கள் இந்த இருக்கைக் கணக்கைச் சொல்வதில்லை. தேடலில் முதலிடம் வாங்கித் தருவதாகக் கூவும் செருகுநிரல்களை, அதாவது கூடுதல் வசதிக்காக இணைக்கும் துணைமென்பொருள்களை, விலைகொடுத்து வாங்குவதும் இதற்கு மருந்தாகாது. தலைப்பை வேண்டிய நீளத்தில் தமிழிலேயே வைத்துக்கொண்டு, முகவரிக்கான கட்டத்தில் இரண்டு குறுஞ்சொற்களைக் கையால் இடுவதே போதும். வெளியான பதிவின் முகவரியைப் பின்னர் மாற்றினாலும் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்து வாசகரைப் புதியதற்குத் திருப்பிவிடும். பக்கங்களுக்கு அந்தச் சலுகை இல்லாததால், அவற்றின் முகவரியை வெளியிடும் முன்பே சரிபார்த்துவிட வேண்டும்.