சேற்றில் நிற்கும் பாதம்: மேல்தோலின் அமைப்பு

காவிரியில் நீர் வந்து தஞ்சை வயல்களில் நடவு தொடங்கிவிட்டால், நாற்று நடும் பெண்கள் பொழுதெல்லாம் சேற்றில் நிற்கின்றனர். சில நாட்களில் கால்விரல் இடுக்குகள் வெளுத்து, வெடித்து, எரிச்சல் தரும். இதுவே சேற்றுப்புண். இரவில் மருதாணி இலையை அரைத்துப் பாதங்களில் அப்பிக்கொள்வது அவர்கள் வழக்கம். பெருநாள் இரவில் நம் இல்லங்களில் கைகளுக்கு அழகு சேர்ப்பதும் இதே இலைதான். புண் தோன்றுவதையும் மருதாணி சிவப்பதையும் விளங்கிக்கொள்ள மேல்தோலின் அமைப்பை அறிதல் வேண்டும்.

மேல்தோலில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் அடியடுக்கில் உயிரணுக்கள் இடையறாது பிறக்கின்றன. அவை முள்ளடுக்கு, மணியடுக்கு ஆகியவற்றைக் கடந்து மேலேறும்போது கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, தட்டையாகி, இறுதியில் இறக்கின்றன. இறந்த அணுக்களின் அடுக்கே புறத்தே உள்ள கொம்படுக்கு. செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல் இவ்வணுக்களைக் கொழுப்புப் பொருள்கள் பிணைக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவ்வடுக்கு மிகத் தடித்தது. அங்கே மட்டும் இதற்குக் கீழே தெளிவடுக்கு ஒன்றும் உண்டு. பிறந்த அணு உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். உயிரற்றவை உயிருள்ளவற்றைக் காக்கும் இந்த ஏற்பாடு, படைத்தவனின் நுண்மாண் திட்டம் அன்றோ!

நெடுநேரம் நீரில் ஊறினால் கெரட்டின் நீரை உறிஞ்சி உப்பும், பிணைப்பு தளரும். விரல் இடுக்கில் ஈரம் உலராது, உராய்வும் மிகுதி. அங்கே சுவர் பிளந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைகின்றன.

மருதாணியின் சாயப்பொருளான லாசோன் கெரட்டினோடு பிணைந்து கொம்படுக்கைச் சிவக்கச் செய்கிறது. அவ்வணுக்கள் உதிர உதிர நிறமும் மங்குகிறது. சாயம் தோலின்மேல் படலமாகப் படிவதில்லை. ஆதலின் ஒளுவின் நீர் தோலைச் சேர்வதை அது தடுப்பதில்லை. காய்ந்து ஒட்டிய விழுதை மட்டும் நீக்கிவிட வேண்டும். பூஞ்சை வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் லாசோனுக்கு இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. எனினும் ஆழ்ந்த புண்ணுக்கும், நீரிழிவு உடையோரின் புண்ணுக்கும் மருத்துவரே துணை.

ஒளுவில் கால்விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது நபிவழி. வயலிலிருந்து கரையேறியதும் அவ்விடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம். டெல்டாவில் நிலமுடையோர் நம்மவரிலும் உள்ளனர். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர், வரப்பருகே நல்ல நீரும், பாதம் உலர ஓய்வும் அளிப்பதும் கடமையென உணர்தல் வேண்டும். நம் தட்டில் விழும் சோறு அந்தப் பாதங்கள் ஊறிய சேற்றில் விளைந்ததே.