ஒரு செயலி, இரு பெயர்

பெரட்டில் கிராணி கூப்பிடும் பெயர் ஒன்று. வீட்டில் தாய் கூப்பிடும் பெயர் மற்றொன்று. செர்காம் முதலான மலாக்காத் தோட்டப்புறங்களில் தமிழர்க்கு இது புதிதன்று. பெயர் இரண்டாயினும் ஆள் ஒருவரே. கணிப்பொறியின் செயலிக்கும் இவ்வாறு இரண்டாம் பெயர் சூட்டுவதுண்டு. அது எதற்கு, அதன் எல்லை யாது என்பன அறியத்தக்கவை.

கட்டளைகளை நிறைவேற்றும் உறுப்பே செயலி. அது எத்தகைய கட்டளைகளை அறியும் என்னும் வரையறையைச் செயலிக் கட்டமைப்பு என்பர். இன்டெல் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 80386 செயலி 32 பிட் அளவுள்ள எண்களைக் கையாண்டது. பிட் என்பது சுழியம் அல்லது ஒன்று என்னும் ஓர் இலக்கம். அந்தக் கட்டமைப்பை 64 பிட்டாக விரித்த செயலிகளை ஏஎம்டி நிறுவனம் 2003-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. இவை பழைய 32 பிட் நிரல்களையும் இயக்கவல்லன; இரு மொழி அறிந்த ஆசிரியரைப் போன்றவை.

இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல், 'யூநேம்' வழியாக, "இஃது எவ்வகைப் பொறி?" என உட்கருவைக் கேட்கும். 64 பிட் பொறியாயின் 'எக்ஸ்86_64' என விடை வரும். கேட்ட நிரலோ 32 பிட் கோப்புகள் மட்டுமே உள்ள தனியறை ஒன்றில் இயங்கிக்கொண்டிருக்கலாம். டெபியன் லினக்ஸ் தொகுப்பை உருவாக்குவோர் 64 பிட் பொறியில் 32 பிட் மென்பொருளை ஆக்கும்போது இந்நிலை உண்டு. விடையை நம்பிய நிரல், அவ்வறையில் இல்லாத 64 பிட் நூலகங்களைத் தேடித் தோல்வியுறும். மெய்யான விடையே இடையூறாகிவிடுகிறது.

இதற்கு மாற்று உண்டு. இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் 'பெர்சனாலிட்டி' என்னும் குறிப்பு ஒன்றை உட்கரு வைத்துள்ளது. அதனை 32 பிட் என மாற்றினால், யூநேம் 'ஐ686' என விடையளிக்கும். ஒரு நிரலுக்கு மட்டுமாயின் 'செட்ஆர்க்' கட்டளை போதும். பின்னணியில் இயங்கும் சேவைக்காயின், சிஸ்டம்டி மேலாளரின் சேவைக் கோப்பில், 'சர்வீஸ்' பகுதியில், 'பெர்சனாலிட்டி' என்பதற்கு நேரே 'எக்ஸ்86' என எழுத வேண்டும். பின், மாறிய கோப்பை மேலாளர் படிக்கச் செய்து, சேவையை மீண்டும் தொடங்க வேண்டும். அச்சேவை தோற்றுவிக்கும் நிரல்களும் அப்பெயரையே மரபுரிமையாகப் பெறும். ஒன்றும் எழுதாவிடின் பொறியின் இயல்பான பெயரே வழங்கும்.

ஆயினும் பெயர் மாற்றம் பூட்டு ஆகாது. 'ஐ686' எனச் சொல்லப்பட்ட பின்னும் செயலி 64 பிட் செயலியே. 64 பிட் நிரல் வந்தால் அதனையும் இயக்கும். உட்கருவுக்கு வரும் அழைப்புகளைக் கட்டமைப்பு நோக்கித் தடுப்பதற்குச் 'சிஸ்டம்கால் ஆர்க்கிடெக்சர்ஸ்' என்னும் வேறு அமைப்பு உள்ளது. சேவை தன் பெயரைப் பின்னர் மாற்றிக்கொள்ளாதபடி காக்க 'லாக் பெர்சனாலிட்டி' உதவும். பெயரை மாற்றியதே காவல் எனக் கருதி இருப்பவர், கதவில் பலகை தொங்கவிட்டுத் தாழிடாமல் உறங்குபவர் ஆவார்.

இலக்கணம் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். செயலி இயல்பாகப் பெறும் பெயர், அதன் ஆற்றல் பற்றி வந்த காரணப்பெயர். சேவைக்கெனச் சூட்டும் பெயரோ பயன் கருதி இடப்பட்டது. பயன் முடிந்தால் அதனை நீக்கலாம். பெயர் சூட்டுவதால் பொருளின் இயல்பு மாறிவிடுவதில்லை.