நிலத்துக்குக் காவலர் யார்?

மழை வலுத்தால் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் லயத்து மக்களுக்குத் தூக்கமில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. நிலத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இதைச் சர்வதேச நீதிமன்றத்தில் எடுத்துரைத்தவர் நம் நாட்டவரான நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி.

1926இல் கொழும்பில் பிறந்த அவர், 1967 முதல் 1972 வரை நமது உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்தார். பின்னர் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார். பொஸ்பேற் அகழ்வினால் பாழான நவூறு தீவு பற்றிய விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1991 முதல் 2000 வரை ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்ற நீதிபதி.

1997இல், ஹங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் இடையிலான அணைக்கட்டு வழக்கில், அவர் நமது பழைய குளங்களைச் சான்று காட்டித் தனித் தீர்ப்பு எழுதினார். அரசன் நிலத்தின் உரிமையாளன் அல்லன், காவலன் மட்டுமே என்றார். 2000இல் எப்பாவல பொஸ்பேற் வழக்கில், நமது உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை எடுத்துக்காட்டி, ஊர் மக்களின் பக்கம் நின்றது.

2017இல் அவர் மறைந்தார். அவர் சொன்னது காணி உறுதி இல்லாத லயத்து மக்களுக்கும் பொருந்தும். நிலத்தைக் கையில் வைத்திருப்போர் அதன் காவலரே. காவலர் தவறினால் கேட்க மக்களுக்கு உரிமையுண்டு. கேட்கப் பழகுவோம்.