கறுப்பு மழையும் டோபி காட்டும்

‘டோபி காட்’ என்னும் இந்திப் பெயருக்கு வண்ணார் துறை என்பது பொருள். இந்தியாவினின்று வந்த சலவைத் தொழிலாளர் இங்குள்ள ஓடையில் துணி வெளுத்து, அருகிருந்த வெளியில் உலர்த்தினர். அவ்வோடையே பின்னர் ஸ்டாம்ஃபர்டு கால்வாயாயிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், இப்பகுதியின் கேத்தே கட்டடத்தில் ஜப்பானியப் படையின் பிரசாரப் பிரிவு அமர்ந்தது. சற்றுத் தொலைவில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தை இராணுவப் போலீசாராகிய கெம்பெய்தாய் சித்திரவதைக் கூடமாக்கினர்.

அப்பிரசாரப் பணிக்கென்று படையினர் அழைத்து வந்த எழுத்தாளருள் ஒருவர் இபுசே மசுஜி (1898-1993). ‘சியோனான் டைம்ஸ்’ ஆங்கில நாளேட்டைச் சிறிது காலம் கவனித்தார். இந்நகரைக் களமாக்கி ‘ஹனா நோ மாச்சி’ (மலர் நகரம்) என்னும் தொடர்கதையும் எழுதினார். போர்க்காலத் தணிக்கைக்கு உட்பட்ட கதை அது. படுகொலைகளை அதிலே சொல்ல வழியில்லை.

அவர் பிறந்தது ஹிரோஷிமா மாநிலம். 1965-66இல் எழுதிய ‘குரோய் அமே’ (கறுப்பு மழை) நாவலே அவர் பெயரை உலகறியச் செய்தது. 1945 ஆகஸ்டு 6இல் அணுகுண்டு வெடித்தபின், புகைக்கரியும் தூசியும் கதிரியக்கமும் கலந்த மழை பெய்தது. கதையில் யாசுகோ என்னும் இளம்பெண்மேல் அது படிகிறது; சோப்பிட்டுத் தேய்த்தும் கறை போவதில்லை. அவளுக்கு நோயில்லை எனக் காட்டித் திருமணம் முடிப்பதற்காக, அவளைத் தம்மிடம் வைத்துக் காக்கும் ஷிகெமாட்சு நாட்குறிப்புகளைப் படியெடுக்கிறார். படியெடுத்து முடியுமுன் நோய் வெளிப்பட்டுவிடுகிறது.

நம் சங்கப் பாட்டில் முதற்பொருளும் கருப்பொருளும் போலவே, ஹைக்கூவில் பருவத்தைக் குறிக்கும் சொல் உள்ளத்தைச் சுட்டும். மழை என்றாலே இன்ன காலம், இன்ன மனம் என்று ஜப்பானிய வாசகர் அறிவர். இபுசேயின் நூலில் அந்த மழையே நஞ்சு. பருவத்தை நம்பி வளர்ந்த ஓர் இலக்கியத்துக்கு இதனினும் பெரிய இடி வேறெது? ஆயினும் இயற்கையை அவர் கைவிடவில்லை. பேரரசரின் சரணடைவு உரை வானொலியில் ஒலிக்கும் நேரத்தில் ஷிகெமாட்சு வெளியே வந்து, தெளிந்த வாய்க்காலில் விலாங்குக் குஞ்சுகள் எதிரேறுவதைப் பார்த்து நிற்கிறார். நூலில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றும் இடம் இதுவே.

அப்படையோடு வந்தவரின் நூலை நாம் ஏன் படிக்கவேண்டும் என்று கேட்போர் உண்டு. சயாம் ரயில்பாதைக்கு உற்றாரைப் பறிகொடுத்த குடும்பங்களில் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் இபுசே தம் நாட்டுப் படையையும் இந்நூலில் விட்டுவைக்கவில்லை. ரயில்பாதை முகாம்களிலும் 1943ஆம் ஆண்டுப் பருவமழையோடு காலரா பரவித் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்களைப் பற்றி மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலை, ‘கறுப்பு மழை’க்கு அடுத்து வைத்துப் படிக்கலாம்.