வீட்டிற்கு ஒரு விவரக் குறிப்பேடு

குடும்பத் தலைவரை இழந்தவர்கள் வங்கிக் கிளைக்கு வரும்போது எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "அவர் பெயரில் இங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" மறைந்தவர் பொறுப்பற்றவராக இருந்திருக்க மாட்டார். ரசீதுகளை உறையிலிட்டு, முதிர்வுத் தேதியை மேலே எழுதி, அலமாரியில் பூட்டி வைத்தவராகவே இருந்திருப்பார். ஆயினும் எந்த உறை எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தது. ஆவணங்களைப் பாதுகாப்பதில் நாம் காட்டும் அக்கறையை, அவை பற்றிய செய்தியைக் குடும்பத்தாரிடம் சேர்ப்பதிலும் காட்ட வேண்டும்.

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களுக்கு இத்தேவை இன்னும் மிகுதி. சம்பளக் கணக்கு புணேயில் தொடங்கியதாக இருக்கும். நிரந்தர வைப்பு நாகபுரியில் இருக்கும். காப்பீடு தில்லியில் எடுத்ததாக இருக்கும். நிலத்தின் பட்டாவும் கிரயப் பத்திரமும் சொந்த ஊரில் அண்ணன் வீட்டுப் பீரோவில் இருக்கும். ஒவ்வொரு மாற்றலிலும் ஏதேனும் ஒரு கணக்கு பின்தங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளரின் வரவு செலவு நடைபெறாத சேமிப்புக் கணக்கு, செயல்படாத கணக்காக வகைப்படுத்தப்படுகிறது. பத்து ஆண்டுகள் உரிமை கோரப்படாத தொகை, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பின்னரும் உரியவரோ வாரிசுகளோ வங்கியை அணுகித் திரும்பப் பெறலாம். 2023ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில், பல வங்கிகளில் உள்ள இத்தகைய வைப்புகளை ஒரே இடத்தில் தேடிப் பார்க்கவும் இயலும். ஆனால் தேட வேண்டும் என்ற எண்ணமே குடும்பத்தாருக்குத் தோன்றாவிடில், இவ்வசதிகளால் பயன் விளையாது.

இதற்கு எளிய வழி, ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். முதற்பக்கத்தில் குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயரையும், ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் உள்ளவாறே தனித்தனியாக எழுதுங்கள். நம்மவர்க்கு முன்னெழுத்தே பெரும் சிக்கல். ஓர் அட்டையில் ஓரெழுத்தாகவும், மற்றொன்றில் தந்தையின் முழுப் பெயராகவும், இன்னொன்றில் பின்னொட்டாகவும் அது நிற்கும். இருவேறு பெயர்களும் ஒருவருடையவையே என்று பின்னர் மெய்ப்பிக்க அலைவதைவிட, வேறுபாட்டை இன்றே கண்டு திருத்திக்கொள்வது எளிது.

அடுத்த பக்கங்களில் வங்கி, கிளை, கணக்கு எண்; வைப்புகளின் முதிர்வுத் தேதி; காப்பீட்டுப் பத்திர எண்; வருங்கால வைப்புநிதி எண்; சொத்து ஆவணங்கள் இருக்குமிடம் ஆகியவற்றைக் குறியுங்கள். கடன்களையும் விட்டுவிடாதீர்கள். வாங்கியது, கொடுத்தது, பிறருக்குப் பிணை நின்றது ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். நகைக்கடனின் கெடு தேதி வீட்டில் எவருக்கும் தெரியாமற்போனால், நகை ஏலம்வரை செல்லக்கூடும்.

பாஸ்புத்தகத்தையும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். ஆண்டுக்கொருமுறை 436 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டிருந்தால், அது பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தின் பிரீமியமாக இருக்கலாம். அக்காப்பீடு நடப்பில் இருக்கையில் காப்பீடு பெற்றவர் இறந்தால் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய் பிடித்தம் விபத்துக் காப்பீடான சுரக்ஷா பீமா திட்டத்தைக் குறிக்கலாம். இச்சிறு வரிகளின் பொருள் தெரியாமையால் உரிய தொகையைக் கோராமல் விடும் குடும்பங்கள் உண்டு.

எழுதக் கூடாதவையும் உள. ஏ.டி.எம். இரகசிய எண், இணைய வங்கிக் கடவுச்சொல், அட்டையின் பின்புறமுள்ள மூன்றிலக்க எண் ஆகியவை குறிப்பேட்டில் இடம்பெறலாகாது. கணக்கர் இறந்தபின் அவருடைய அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது முறையன்று. இறப்புச் சான்றிதழுடன் கிளையை அணுகுவதே உரிய வழி.

நாமினி எனப்படும் நியமனதாரரின் பெயரை ஒவ்வொரு கணக்கிற்கும் எதிரே குறியுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். அவர்களுக்குப் பங்கு விகிதம் வகுக்கலாம். அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் என வரிசைப்படுத்தலாம். பாதுகாப்புப் பெட்டகத்திற்கு வரிசைமுறை மட்டுமே உண்டு. நியமனம் முறையாக இருந்து, உரிய ஆவணங்களும் கொடுக்கப்பட்டால், கோரிக்கையை 15 நாட்களுக்குள் வங்கி தீர்க்க வேண்டும் என்பது விதி. எனினும் நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே. அது இறுதியில் யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ தீர்மானிக்கும். உயிலுக்கு இரு சாட்சிகளின் கையொப்பம் தேவை; பதிவு கட்டாயமன்று. உயிலைத் தனியொருவர் பெயரிலுள்ள பெட்டகத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அதைப் படிக்க வேண்டிய வேளையில் பெட்டகத்தைத் திறப்பதற்கே சில நடைமுறைகளைக் கடக்க வேண்டியிருக்கும்.

குறிப்பேடு இருக்குமிடம் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். வெளியூரில் படிக்கும் அல்லது பணியாற்றும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு படியைக் கொடுத்து வையுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில், புதிய நிதியாண்டு பிறக்கும்போது, முடிந்த வைப்புகளை அடித்துப் புதியவற்றைச் சேருங்கள். பக்கத்தின் அடியில் தேதியிடுங்கள். அடுத்த முறை கிளைக்கு வரும்போது வாழ்க்கைத் துணையையும் உடன் அழைத்து வாருங்கள். ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதை இருவருமாகவே பார்த்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.