ஆசைப்படுவது தவறா?
பௌத்தம், ஜென் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது அத்திபெலே. இது ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர். கர்நாடகத்தின் எல்லை இங்கே முடிகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்த ஊரில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்று மொழிகளும் காதில் விழும். தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களில் பலர் புத்தரின் உருவத்தைப் பார்த்திருப்பார்கள். காலண்டரில் பார்த்திருக்கலாம். கடையில் பொம்மையாகப் பார்த்திருக்கலாம். "ஜென்" என்ற சொல்லையும் சிலர் கேட்டிருப்பார்கள். ஆனால் புத்தர் சொன்னது என்ன? அது உழைத்துப் பிழைப்பவர்களுக்கு உதவுமா? இப்படிப் பல கேள்விகள் எழும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் பார்ப்போம்.

புத்தர் கடவுளா?

இல்லை. புத்தர் மனிதர். அவருடைய பெயர் சித்தார்த்தர். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவர் பிறந்த லும்பினி இன்று நேபாள நாட்டில் இருக்கிறது. வசதியான குடும்பத்தில் பிறந்தார். திருமணம் செய்துகொண்டார். ஒரு மகனும் பிறந்தான்.

மனிதர்கள் ஏன் மூப்பு அடைகிறார்கள்? ஏன் நோயில் விழுகிறார்கள்? ஏன் இறக்கிறார்கள்? இந்தத் துன்பத்துக்கு முடிவு உண்டா? இந்தக் கேள்விகள் அவரை விடவில்லை. 29 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். பட்டினி கிடந்து உடம்பை வருத்திப் பார்த்தார். அதனால் பயன் இல்லை என்று கண்டார். 35 வயதில் புத்தகயையில் ஒரு அரச மரத்தடியில் அமர்ந்து தெளிவு பெற்றார். "புத்தர்" என்றால் விழித்துக்கொண்டவர் என்று பொருள். அதன் பிறகு 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து மக்களிடம் பேசினார். 80 வயதில் குசிநகரில் இறந்தார்.

தொந்தி வைத்துச் சிரிக்கும் பொம்மையும் புத்தரா?

அது வேறு ஒருவர். சீனாவில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு துறவி. அவர் பெயர் புதாய். தோளில் துணிப்பை சுமந்து திரிந்தவர். குழந்தைகளோடு விளையாடியவர். அந்தப் பொம்மையை யாராவது பரிசாகக் கொடுத்தால் வீட்டில் பணம் சேரும் என்று சிலர் நம்புகிறார்கள். புத்தர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

புத்தர் சொன்னது என்ன?

மருத்துவரிடம் போகிறோம். அவர் முதலில் என்ன நோய் என்று பார்க்கிறார். பிறகு அது எதனால் வந்தது என்று பார்க்கிறார். குணமாகுமா என்று சொல்கிறார். கடைசியில் மருந்து தருகிறார். புத்தரும் இதே முறையில்தான் பேசினார்.

வாழ்க்கையில் துன்பம் இருக்கிறது. அந்தத் துன்பத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணத்தை நீக்கினால் துன்பம் தீரும். நீக்குவதற்கு வழி இருக்கிறது. இவற்றை "நான்கு உண்மைகள்" என்பார்கள்.

அந்த வழியில் எட்டு படிகள் உண்டு. சரியான பார்வை, சரியான எண்ணம், சரியான பேச்சு, சரியான செயல், சரியான பிழைப்பு, சரியான முயற்சி, சரியான விழிப்பு, சரியான மன ஒருமை. இதில் பிழைப்பும் ஒரு படியாக இருப்பதைக் கவனியுங்கள். நாம் எப்படிச் சம்பாதிக்கிறோம் என்பதும் அறத்தைச் சேர்ந்ததுதான்.

ஆசைப்படுவது தவறு என்றால் கூலி உயர்வு கேட்கக் கூடாதா?

இதுதான் பலருக்கும் வருகிற முதல் சந்தேகம். "ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று புத்தர் சொன்னதாகக் கேட்டிருக்கிறோம். பிள்ளையைப் படிக்க வைக்க ஆசைப்படக் கூடாதா? ஒழுகாத கூரைக்கு ஆசைப்படக் கூடாதா?

புத்தர் சொன்ன சொல் பாலி மொழியில் "தண்ஹா". அதற்குத் தாகம் என்று பொருள். எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். தமிழில் வேட்கை என்று சொல்லலாம். ஒருவர் சீட்டாட்டத்தில் தோற்கிறார். விட்டதைப் பிடிக்க மறுபடியும் கடன் வாங்கி ஆடுகிறார். அதுதான் வேட்கை. குழந்தைக்குப் பால் வாங்க உழைப்பது வேட்கை ஆகாது. நல்லதைச் செய்ய வேண்டும் என்ற விருப்பத்தைப் புத்தர் தடுக்கவில்லை. சரியான முயற்சியும் அவர் சொன்ன எட்டுப் படிகளில் ஒன்று.

இன்னொரு செய்தியும் உண்டு. சிகாலர் என்ற இளைஞருக்குப் புத்தர் இல்வாழ்க்கை பற்றி அறிவுரை சொன்னார். அதில் முதலாளியின் கடமைகளையும் சொன்னார். வேலையாளின் பலத்துக்கு ஏற்ற வேலைதான் கொடுக்க வேண்டும். சோறும் கூலியும் தர வேண்டும். நோய் வந்தால் கவனிக்க வேண்டும். நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்ந்து கொடுக்க வேண்டும். உரிய நேரத்தில் ஓய்வு தர வேண்டும். வேலையாளும் நேர்மையாக வேலை செய்ய வேண்டும். அப்படியானால் நியாயமான கூலி கேட்பது எப்படித் தவறாகும்?

துன்பம் எல்லாம் முன்வினைப் பயனா?

2023 அக்டோபர் 7ஆம் நாள் அத்திபெலேயில் ஒரு பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி நேரத்து வேலைக்கு வந்த இளைஞர்கள். நாலு காசு சம்பாதித்து வீட்டுக்கு அனுப்ப வந்தவர்கள்.

இப்படி ஒரு சாவு நடந்தால் ஊரில் என்ன பேசுவார்கள்? "விதி", "போன பிறவிப் பாவம்" என்பார்கள். பிள்ளையை இழந்த தாயின் காதில் அது எப்படி விழும்?

சீவகர் என்ற துறவி புத்தரிடம் இதே கேள்வியைக் கேட்டார். மனிதர் படும் இன்பமும் துன்பமும் எல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா என்றார். அது சரியல்ல என்றார் புத்தர். துன்பத்துக்குப் பல காரணங்களை அவர் அடுக்கினார். பித்தம், கபம், வாயு ஆகியவற்றால் வரும் நோய் உண்டு. இவை சேர்ந்தும் நோய் வரும். பருவ மாற்றத்தால் வருவது உண்டு. கவனக்குறைவால் வருவது உண்டு. பிறர் தாக்குவதால் வருவது உண்டு. வினை என்பது இந்த எட்டில் ஒன்று மட்டுமே.

இதை நாம் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் விதி என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். தீ அணைக்கும் கருவி இருந்ததா? வெளியேற இரண்டாவது வழி இருந்ததா? சரக்கை அளவோடு வைத்தார்களா? வேலைக்குப் போகிறவர்கள் இவற்றைக் கேட்க வேண்டும். காரணத்தைத் தேடுவதுதான் புத்தர் காட்டிய வழி.

துயரத்தில் இருப்பவரிடம் புத்தர் எப்படி நடந்துகொண்டார்? கிசா கௌதமி என்ற தாய் இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மருந்து கேட்டு அழுதாள். "சாவு நடக்காத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா" என்று புத்தர் அனுப்பினார். அவள் வீடு வீடாகப் போனாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு நடக்காத வீடு ஒன்றும் இல்லை. தன் துயரம் எல்லாருடைய துயரம் என்று அவளுக்குப் புரிந்தது. குழந்தையை அடக்கம் செய்தாள். புத்தர் அவள்மேல் பழி போடவில்லை. அவளே உண்மையைக் காணும்படி செய்தார்.

ஜென் என்றால் என்ன?

ஜென் என்பது பௌத்தத்தின் ஒரு பிரிவு. சொல் நமக்குப் பழக்கமானதுதான். வடமொழியில் "தியானம்". அது சீனாவுக்குப் போய் "சான்" ஆனது. ஜப்பானுக்குப் போய் "ஜென்" ஆனது. புத்தகம் படித்தால் மட்டும் போதாது, அமர்ந்து தன் மனத்தைத் தானே பார்க்க வேண்டும் என்பது ஜென் வழி.

போதிதருமர் தமிழரா?

சீனாவுக்கு இந்த வழியைக் கொண்டு போனவர் போதிதருமர் என்று சொல்வார்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. பாரசீகத்திலிருந்து வந்தவர் என்று இன்னொரு குறிப்பு சொல்கிறது. அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. 2011இல் வந்த "ஏழாம் அறிவு" திரைப்படம் இதை மேலும் பரப்பியது. அவர் சண்டைக் கலை கற்பித்தார் என்பது பிற்காலக் கதை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஜப்பானில் அவரைத் "தருமா" என்பார்கள். அவர் பெயரில் ஒரு சிவப்புப் பொம்மை விற்கிறார்கள். அதைத் தள்ளினால் சாயும். உடனே நிமிர்ந்துகொள்ளும். நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி.

சும்மா உட்கார்ந்திருந்தால் பிழைப்பு நடக்குமா?

தியானத்துக்காக வேலையை விட வேண்டியதில்லை. சீனாவில் பாய்ஜாங் என்ற ஜென் குரு இருந்தார். வயதான பிறகும் தினமும் தோட்ட வேலை செய்தார். சீடர்கள் இரக்கப்பட்டு அவருடைய கருவிகளை ஒளித்து வைத்தார்கள். அன்று அவர் சாப்பிட மறுத்துவிட்டார். வேலை செய்யாத நாளில் சோறு வேண்டாம் என்றார். சீடர்கள் கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். உழைப்பும் ஜென் வழியில் தியானம்தான்.

எப்படி அமர்வது? தரையில் ஒரு துணியை மடித்துப் போட்டு அமரலாம். கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமரலாம். முதுகு நேராக இருக்க வேண்டும். விறைப்பாக இருக்க வேண்டாம். கண்களைப் பாதி மூடித் தரையைப் பார்க்கலாம். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். ஒன்று முதல் பத்து வரை மூச்சை எண்ண வேண்டும். பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மனம் கடனைப் பற்றி நினைக்கும். சண்டையைப் பற்றி நினைக்கும். நினைக்கட்டும். கவனித்தவுடன் மறுபடியும் ஒன்றுக்கு வந்தால் போதும். தொடக்கத்தில் தினமும் பத்து நிமிடம் போதும்.

தியானம் மருந்துக்குப் பதில் ஆகாது. தூக்கம் வராமலோ, மனச் சோர்வாலோ துன்பப்படுபவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சாதியைப் பற்றிப் புத்தர் என்ன சொன்னார்?

பிறப்பால் ஒருவர் உயர்ந்தவரும் இல்லை, தாழ்ந்தவரும் இல்லை, செயலால்தான் என்றார். உபாலி என்பவர் முடி திருத்தும் தொழிலாளி. அவரும் சில சாக்கிய இளவரசர்களும் ஒரே நாளில் துறவியாக வந்தார்கள். முதலில் உபாலியைச் சேர்த்துக்கொண்டார் புத்தர். அதனால் இளவரசர்கள் அவரை வணங்க வேண்டியிருந்தது.

இந்தச் செய்தி தமிழர்களுக்கு நெருக்கமானது. பழைய காலத்தில் தமிழ்நாட்டில் பௌத்தம் செழித்தது. மணிமேகலை பௌத்தக் காப்பியம். பிற்காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) பௌத்தத்தை மீட்க முயன்றார். அவர் சித்த மருத்துவர். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற வார இதழை வெளியிட்டார். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்த தமிழர்கள் இந்தச் சங்கத்துக்குக் கிளைகள் அமைத்தார்கள். பூமிக்கு அடியில் உழைத்தவர்கள் மேலே வந்து படித்தார்கள், கூட்டம் நடத்தினார்கள்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். லட்சக்கணக்கானவர்கள் அவரைப் பின்பற்றினார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினருக்கு அந்தத் தகுதி தொடர்கிறது.

தியானம் கற்க மதம் மாற வேண்டுமா?

வேண்டாம். கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் "போதி ஜென்டோ" என்ற ஜென் மையம் இருக்கிறது. 1996இல் அதைத் தொடங்கிய ஆமா சாமி ஒரு கிறித்தவப் பாதிரியார். பர்மாவில் பிறந்த தமிழர். ஜப்பானில் யமதா கோஉன் என்ற குருவிடம் ஜென் பயின்றவர்.

பெங்களூர் காந்தி நகரில் மகாபோதி சங்கம் இருக்கிறது. ஆச்சார்ய புத்தரக்கித்தர் அதை 1956இல் நிறுவினார். அங்கே புத்த விகாரை உண்டு.

எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் விசாரியுங்கள். தங்கும் விதிகள் என்ன, செலவு எவ்வளவு என்று கேளுங்கள். நோய் தீரும், பணம் கொட்டும் என்று ஆசை காட்டினால் விலகி வாருங்கள். யார் சொன்னாலும், எந்த நூலில் இருந்தாலும், அப்படியே நம்ப வேண்டாம் என்று காலாமர் என்ற மக்களிடம் புத்தரே சொன்னார். நீங்களே செய்து பாருங்கள். உங்களுக்கும் பிறருக்கும் நன்மை தருமா என்று பாருங்கள். நன்மை தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. தேவைக்கும் வேட்கைக்கும் என்ன வேறுபாடு? உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

2. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் தீ விபத்து நடந்தால் வெளியேற எத்தனை வழிகள் உள்ளன? எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

3. சிகாலருக்குப் புத்தர் சொன்ன ஐந்து கடமைகளில் எவை இன்று கடைப்பிடிக்கப்படுகின்றன? எவை கடைப்பிடிக்கப்படவில்லை?