பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடும் முன்...



கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இப்போது புதிய மடிக்கணினிக்கான கோரிக்கையும் அதிகம். "வீட்டில் ஒன்று இருக்கிறதே?" என்று கேட்டால், "இருக்கு காக்கா, ஆன் பண்ணிட்டு அஸர் தொழுதுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்கிறார்கள். துறைமுகத்தில் கூலி வேலை பார்க்கும் ஒரு வாப்பா, மகளின் படிப்புக்காக வட்டிக்குக் கடன் வாங்கவே துணிந்துவிட்டார். அவர் கொண்டுவந்த பழைய கணினியைத் திறந்து பார்த்தோம். பழுது எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்தான் மெதுவாக இருந்தது.

நம் வீடுகளில் உள்ள பல கணினிகள், தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை. தொடக்க காலத்தில் வந்தவற்றில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் 2 ஜிபி ரேமும் இருந்தன.

ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு முனை அதன் மேல் அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இப்படித்தான் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. மின்னணு சில்லுகளிலிருந்து தகவல் உடனே கிடைக்கிறது. அதன் விலை புதிய மடிக்கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் படங்கள், சான்றிதழ்கள் அனைத்தையும் வேறொரு டிரைவில் நகல் எடுங்கள். மர்ஹூமான பெற்றோரின் படங்கள் போனால் திரும்பாது.

2. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். பழைய டிஸ்க்கைவிடக் கொள்ளளவு குறையாமல் இருந்தால் வேலை எளிது. 320 ஜிபிக்கு 480 அல்லது 500 ஜிபி போதும்.

3. யுஎஸ்பி கேபிள் மூலம் அதை இணைத்து, குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் குளோன் செய்யுங்கள். சி டிரைவை மட்டும் காப்பி செய்து ஒட்டினால் கணினி தொடங்காது. தொடக்கத்துக்கான மறைவுப் பகுதிகளும் வர வேண்டும். எது பழையது, எது புதியது என்பதை இருமுறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும்.

4. கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எஸ்.எஸ்.டி. வேகத்தைத் தரும், பழைய விண்டோஸைப் புதிதாக்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. அவற்றில் இலவசமான லினக்ஸ் போடலாம். ரேம் 2 ஜிபி என்றால் அதையும் கூட்டுவது நல்லது.

கழற்றிய டிஸ்க்கைக் கடையில் விட்டுவராதீர்கள். அதில் நம் வீட்டுப் பெண்களின் படங்கள், ஆதார், வங்கி விவரங்கள் இருக்கின்றன, அது அமானிதம். வெறுமனே டெலிட் செய்தால் அவை போய்விடாது. புதியது சரியாக ஓடுகிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டு, பிறகு முழுவதுமாக அழியுங்கள்.

ஆகவே மனு எழுதும் முன் பழைய கணினியை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வீண்விரயம் தவிரும், மிச்சமாகும் உதவித்தொகை, கணினியே இல்லாத இன்னொரு பிள்ளைக்குப் போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.